பூனைக்கு ஒரு பேசன் மண்

எங்கள் பூனை வீட்டுக்குள் கண்ட இடத்தில் மூத்திரம் பெய்ய ஆரம்பித்தது, நான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான். தேயிலை விலை விழுந்து, எழவே எழாமல் கிடந்த வருடங்கள் அவை. கட்டபெட்டுக்குக் கீழே ஒரு படுகர் குடும்பத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் இலை ஏஜென்ட். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு, சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கி பேக்டரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். பேக்டரியில் முதலில் ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு வாரத்தில் பாதி நாள் ஓட்டினார்கள். ஒருநாள் கேட்டைச் சாத்திவிட்டு, நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இலை கிள்ளினால் கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஆனபோது, எங்கள் பக்கத்தில் பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆண்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். தேயிலைச் செடி என்று நாம் சொல்வது உண்மையில் மரம். வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கத்தி படாமல் விட்டால் ஆள் உயரத்துக்கும் மேலே போய்விடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு முழுக்க அப்படி ஏறிப்போய், உள்ளே களையும் முள்ளும் மண்டி, இரண்டு வருடத்தில் காடாகிவிட்டது. காடு வந்தால் காட்டில் இருப்பவையும் வரும். முதலில் காட்டுப்பன்றி வந்தது. பிறகு காட்டெருமை. ஐப்பசி மழைக்காலத்தில், மூடுபனி வாசல்வரை வந்து நின்ற ஒரு மத்தியானம், வீட்டுக்காரரின் நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. கத்துகிற சத்தம் ஒருமுறைதான் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சங்கிலி மட்டும் கிடந்தது.

வீட்டுக்காரர் குனிந்து அந்தச் சங்கிலியை எடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார். "உங்க பூனைய வெளிய விடாதீங்க. அடுத்தது அதுதான்."

அந்தப் பூனையைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, யாரோடும் பேசாமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தே கிடந்தாள். அந்த நாட்களில்தான் அது வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கடுவன் குட்டி. மழையில் ஊறிப்போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதை எடுத்துவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, பால் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. பூனைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. அவள் அதைக் கண்ணு என்பாள். நான் டேய் என்பேன். இரண்டுக்கும் அது வரும்.

நாய் போன அந்த ஐப்பசியில் அவளுக்கு மறுபடியும் ஐந்தாவது மாதம்.

அதுவரை பூனை தன் காரியங்களையெல்லாம் தோட்டத்துக்குள் போய் முடித்துக்கொண்டு வரும். எங்கே போகிறது, எப்போது போகிறது என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கதவைச் சாத்திய பிறகுதான் அது ஒரு பிரச்சினை என்று தெரிந்தது. குன்னூரில் பார்க்கிற டாக்டரம்மாவிடம் என் மனைவி பூனையைப் பற்றிக் கேட்டாள். "பூனை இருந்துட்டுப் போகட்டும். ஆனா அது போற அழுக்கை நீங்க தொடவே கூடாது. வயித்துல இருக்கற குழந்தைக்கு அதனால நோய் வரலாம். உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டும், அன்னன்னைக்கே எடுக்கட்டும்" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆக அது என் வேலையானது. ஒரு பழைய பிளாஸ்டிக் பேசனில் தேயிலைச் செடிகளுக்கு அடியில் இருந்து உதிரி மண்ணைச் சுரண்டிக் கொண்டுவந்து நிரப்பி, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். பூனை வந்து முகர்ந்தது. முன்காலால் பறித்தது. சுற்றி வந்து உட்கார்ந்து போய்விட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது. உடைந்த தோசைக் கரண்டி ஒன்றால் தினமும் அள்ளி ஒரு பையில் போட்டு, ரோட்டோரக் குழியில் புதைத்துவிட்டு வருவேன். வழியில் தோட்டக்காரர்கள் எதிரே வருவார்கள். ஒரு காலத்தில் மூட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு என் வண்டிக்குக் காத்து நின்றவர்கள். கையில் என்ன என்று ஒருவர் கேட்டார். குப்பை என்றேன்.

கார்த்திகையில் மாமியார் வந்தார். அன்னூர்ப் பக்கம் ஊர். மகளின் இரண்டு கர்ப்பமும் பாதியில் போனதற்குத் தான் பக்கத்தில் இல்லாததுதான் காரணம் என்பது அவர் எண்ணம். அதனால் இந்த முறை தோட்டத்தையும் மாட்டையும் மகனிடம் விட்டுவிட்டு, பிள்ளை பிறக்கிறவரை இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்த பேசன்.

"இதென்ன மாப்பிள்ள?"

சொன்னேன்.

"சோறாக்கற எடத்துலயா?" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. பூன மயிரே வயித்துப் புள்ளைக்கு ஆகாது. இதுல பீயும் மூத்தரமும் வேறயா?"

அன்றைக்கே பேசன் குளியலறைக்குப் போனது. மண் இருந்தால் புழு வரும் என்று அதைக் கொட்டிவிட்டு அடுப்புச் சாம்பலை நிரப்பினார். காலையும் மாலையும் பேசனைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். அந்த வாடை எங்கள் இரண்டு அறை வீடு முழுக்க நின்றது. நான் தடுக்கவில்லை. சுத்தமாகத்தானே செய்கிறார், அதில் என்ன குறை என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வேலை என் கையைவிட்டுப் போனதில் எனக்குச் சந்தோஷம்.

பூனை குளியலறை வாசல்வரை போகும். ஈரத் தரையில் ஒரு காலை வைத்துவிட்டு உதறும். மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிவிடும். முதல்நாள் வாசல் சாக்கில் பெய்தது. சாக்கைத் துவைத்துப் போட்டோம். அடுத்து என் கம்பளியில். அதற்கடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால். மாமியார் ஒவ்வொரு இடத்தையும் முழங்காலில் உட்கார்ந்து துடைத்தார். துடைத்த இடத்திலெல்லாம் பினாயில் ஊற்றினார். பூனை அதைவிட்டு வேறு இடம் தேடியது.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டுபோய்ப் பேசனுக்குள் வைத்து அழுத்திப் பிடித்தேன். முழங்கை வரைக்கும் கீறிவிட்டு ஓடியது. சாம்பலுக்குப் பதிலாகக் கட்டட வேலை நடந்த இடத்தில் இருந்து ஆற்று மணல் கொண்டுவந்து போட்டேன். மணலைத் தொடக்கூட இல்லை. ஒரு காலை முழுக்கப் பேசனோடு குளியலறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். குழந்தை அழுவதுபோலக் கத்திற்று. என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மனம் கேட்காமல் கதவைத் திறந்ததும் பாய்ந்து வெளியே வந்து, கட்டிலுக்கு அடியில் போய்ப் பெய்தது. அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே ஒளிந்துகொண்டது.

மழை விடவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை. கயிற்றில் ஈரக் கம்பளி தொங்க, ஜன்னலைத் திறக்க முடியாமல், மூன்று பேரும் ஒரு பூனையும் அந்த இரண்டு அறைகளுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் போக இடமில்லை. வண்டி ஓடாமல் வாசலில் நின்றது. எந்தச் சின்னச் சத்தத்துக்கும் எங்களில் யாராவது சிடுசிடுத்தார்கள்.

வெடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிக்கவென்று மாமியார் தன் பழைய நூல் சேலைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து ஒரு கூடையில் வைத்திருந்தார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்ததில் அவருக்கு முக்கியமானது அதுதான். பூனை அந்தக் கூடைக்குள் ஏறிப் பெய்துவிட்டது.

மாமியார் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார். 

"ரெண்டப் பறிகொடுத்துட்டு நிக்கறோம். மூணாவதுக்கு வெச்ச துணி இது. இன்னும் இந்தப் பூனைய ஊட்டுக்குள்ள வெச்சுக் கொஞ்சிட்டு இருக்கறயா நீயி?"

"அம்மா, அதுக்குத் தெரியுமா இது யாரு துணின்னு?"

"உனக்குத் தெரியோணுமல்ல?"

"ரெண்டாவது போனப்ப நீ வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போயிட்ட. அவரு இலை எடுக்கப் போயிட்டாரு. அப்பறம் என்ற கூட இருந்தது யாரு? இதுதான இருந்துச்சு."

 அந்தச் சொல் எனக்கும் சேர்த்துத்தான். மாமியார் என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில் சொன்னார்.

"சாகடிக்கச் சொல்லலீங்க மாப்பிள்ள. உங்க பேக்டரில வாச்மேன் இருக்கறாரல்ல? அங்க எலி கெடக்குமுங்க. அங்க கொண்டி உட்டுடுங்க. பொழச்சுக்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நனையாத சேலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலைல கொண்டுபோறேன்" என்றேன். அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் பிரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் நான் சாக்குப் பையைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாமியார் குளியலறை வாசலிலிருந்து கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க. இன்னைக்குத் தானாப் போய் உக்காந்திருக்குது!"

பூனை பேசனில் உட்கார்ந்திருந்தது. எழுந்தது. இறங்கி இரண்டடி நடந்து, திரும்பிப் போய் மறுபடியும் உட்கார்ந்தது. வாலை விறைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. போகப் போகிறோம் என்று தெரிந்து புத்தி வந்துவிட்டது என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாக்கைக் கீழே போட்டேன்.

என் மனைவிதான் பேசனுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"ஏனுங்க, மணலு காஞ்சு கெடக்குது. ஒரு சொட்டுக்கூட இல்லீங்க."

அதற்குள் பூனை தரையில் உட்கார்ந்து முக்கியது. தொண்டைக்குள்ளிருந்து அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு ஒலி வந்தது. அடிப்பக்கத்தை நக்கியது. எழுந்து நடக்கப் பார்த்து, நுரையாக வாந்தி எடுத்தது. நான் தூக்கினேன். கீறவில்லை, ஓடப் பார்க்கவுமில்லை. அடிவயிற்றில் என் விரல் பட்டதும் அலறியது. உள்ளே எலுமிச்சம்பழம் போல ஏதோ கெட்டியாக இருந்தது.

"அடச்சிருக்குது" என்றாள் என் மனைவி. "போக முடியாமத்தான் போய்ப் போய் உக்காருது. வண்டிய எடுங்க."

கோத்தகிரியில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. வண்டியை எடுக்கலாம் என்றால், பல வாரமாக ஓடாத வண்டி. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தது. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சிறு மேடு. அதைத் தாண்டித் தள்ளிவிட்டால் அப்புறம் இறக்கம், கியரில் விட்டு எடுத்துவிடலாம். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. நான் கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளினேன். வண்டி அசைந்து அசைந்து அதே இடத்துக்குத் திரும்பியது.

பின்னால் திரும்பிப் பார்த்தால், ஆறு மாத வயிற்றோடு என் மனைவி வண்டியின் பின்கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏய், எடு கைய!" என்று நான் கத்துவதற்குள் மாமியார் ஓடிவந்து அவளைத் தோளைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன கிறுக்கா? போ அக்கட்ட! உள்ள போய் உக்காரு!" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே குனிந்தார். "மாப்பிள்ள, தள்ளுங்க. நான் தள்றேன்."

சேற்றில் அவருடைய செருப்பு ஒன்று மாட்டிக் கழன்றது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை வண்டி மேட்டைத் தாண்டியது. நான் தாவி ஏறி கிளட்சை விட்டேன். இரண்டு முறை உதறிவிட்டு இன்ஜின் பிடித்தது. நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்று ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்காமல், பூனையைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர் மாமியார்தான். குண்டும் குழியுமான ரோட்டில் மகளை ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. "நீ வராத. நான் போறேன்" என்று ஏறி, கதவை அடித்துச் சாத்தினார். ஒரு காலில் செருப்பு இல்லை.

பூனையைக் கண்டால் ஓரடி தள்ளி நடக்கிறவர். இப்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்திருந்தார். அது ஒவ்வொரு குழிக்கும் முனகியது. கட்டபெட்டைத் தாண்டியதும் பனி இறங்கி ரோட்டை மறைத்தது. ஒரு வளைவில் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் கறுப்பாக ஏதோ நின்றது. பிரேக்கை அழுத்தினேன். காட்டெருமைகள். ரோடு முழுக்க நின்று, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஹாரன் அடித்தால் மிரண்டு முட்டும். இன்ஜினை அணைக்கவும் முடியாது.

அப்போது பூனையின் முனகல் நின்றது.

"மாப்பிள்ள" என்றார் மாமியார். "சத்தத்தக் காணமுங்க."

"மூச்சு இருக்குதுங்களா?"

அவர் தூக்கி வைத்திருந்த கையை இறக்கி, பூனையின் விலாவில் வைத்தார். "இருக்குது. இருக்குதுங்க. லேசா இருக்குது." அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை. காட்டெருமைகள் ஒவ்வொன்றாக, எந்த அவசரமும் இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்கின. கடைசிக் கன்று தாண்டியதும் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம்பெண். மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது.

"கடைசியா எப்ப மூத்திரம் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. மாமியார்தான் பதில் சொன்னார். "நேத்து உச்சிப்பொழுதுல துணிக்கூடைல போச்சுங்க. அதுவும் கொஞ்சந்தான். பொழுதெறங்கறப்ப அடுக்களக் கதவுகிட்ட ரெண்டு சொட்டு, செவப்பா. அதுக்கப்பறம் எங்கயுமில்லீங்க." ஒவ்வொரு இடத்தையும் துடைத்தவர் அவர். இந்த வீட்டில் அந்தக் கணக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் மயக்க ஊசி போட்டார். கடுவன் பூனைக்கு மூத்திரப் பாதை நூல் மாதிரி இருக்கும், உள்ளே மணல் போல ஏதாவது சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே மெல்லிய குழாயை எடுத்தார். பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு மாமியார் முன்னால் வந்து பிடித்துக்கொண்டார். மாடு கன்று போட்டபோதெல்லாம் பிடித்த கை அது.

முதலில் குழாய் போகவில்லை. டாக்டர் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் போகவில்லை. அவர் நெற்றியில் வியர்த்தது. அந்தக் குளிரில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு அவளுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

"போகுதுங்க!" என்று மாமியாரின் குரல் கேட்டது. "அம்மிணி, போகுது பாருங்க, போகுது!"

தட்டில் சிவந்த நீர் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் விசாரித்தார். பூனை எங்கே போகும், பேசனில் என்ன போடுகிறோம், எதைப் போட்டுக் கழுவுகிறோம், என்ன சாப்பாடு. நான் சொல்லச் சொல்ல மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பினாயில் என்றதும் டாக்டர் நிமிர்ந்தார்.

"நான்தானுங்க ஊத்துனேன்" என்றார் மாமியார். "புள்ளத்தாச்சி இருக்கற ஊடு. சுத்தமா இருக்கோணும்னுதான்..."

"அதனாலதான் அடைச்சுதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா பயந்து, போறதுக்கு எடம் புடிக்காம அடக்கி அடக்கி வெக்கிற பூனைக்கு இது சீக்கிரம் வரும். பினாயில் அதுக்கு விஷமுங்க. காலுல பட்டத நக்குனாலே போதும். வெந்நியும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவெச்சாப் போதும். தண்ணி சத்தம் இல்லாத, காஞ்ச எடமாப் பாத்து வைங்க. ஒண்ணுக்கு ரெண்டா வைங்க. அது முன்னாடி எந்த மண்ணுல போச்சோ அதையே போடுங்க. கருவாடு குடுக்காதீங்க, சோத்துல தண்ணி விட்டுப் பெசஞ்சு குடுங்க." பூனையைத் துண்டில் சுற்றிக் கொடுத்தபோது இன்னொன்றும் சொன்னார். "இனிமேதான் பாக்கணும். நாளைக்குள்ள தானாப் போகணும். போகலைன்னா உடனே கொண்டுவாங்க. மறுபடி அடைச்சா சிரமம்."

மாட்டோடு வந்தவர்கள் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். வீட்டு வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தலையெல்லாம் பனி ஈரம்.

"உசுரு இருக்குது" என்றார் மாமியார், வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே. "மூஞ்சியப் பாரு. நீ தொடாத. போய் அடுப்புகிட்ட உக்காரு."

வீட்டின் ஓரத்தில் விறகு போட்டுவைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. உள்ளே இருந்தே போகலாம். காய்ந்த இடம், யாரும் அதிகம் போகாத இடம். விறகை ஒரு பக்கமாக அடுக்கி, இரண்டு பேசன் வைக்க இடம் செய்தோம். இனி மண் வேண்டும். தேயிலைச் செடிக்கு அடியில் இருக்கிற அதே மண். நான் கத்தியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமியார் தட்டும் கரண்டியுமாகப் பின்னால் வந்தார்.

"தனியாப் போகாதீங்க. நான் தட்டிட்டு வர்றேன்."

செடிகள் எங்கள் தலைக்கு மேல் நின்றன. உள்ளே இருட்டு. ஈரம் படாத மண் செடியின் தூருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்காகக் குனிந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். அவர் தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று தட்டுவது நின்றது. மேலே சரிவில் இலைகள் அசைந்தன. காற்று இல்லை. இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். அசைவு பக்கவாட்டில் நகர்ந்து, தூரப் போய் அடங்கியது. அது என்ன என்று இன்றுவரை தெரியாது. பாதிச் சாக்கு மண் போதும் என்று வந்துவிட்டோம். வீட்டுக்குள் வந்த பிறகும் மாமியார் கரண்டியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பூனை மயக்கம் தெளிந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. சாயங்காலம் போகவில்லை. மறுநாள் காலையிலும் போகவில்லை. தண்ணீர் விட்டுப் பிசைந்த சோற்றை நக்கியது, திரும்பவும் படுத்தது. வண்டி திரும்ப எடுக்காமல் போய்விடுமோ என்று பயந்து, அதை முன்னாலேயே மேட்டைத் தாண்டி இறக்கத்தில் நிறுத்தி வைத்தேன். என் மனைவி விறகு அறை வாசலிலேயே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாமியார் சமைக்காமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. 

மத்தியானம் பூனை எழுந்து வந்தது. இவர்கள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போனது. ஒரு பேசனை முகர்ந்தது. மற்றதை முகர்ந்தது. ஏறி மண்ணைப் பறித்தது. உட்கார்ந்தது. எழுந்துவிட்டது. என் மனைவி தாயின் கையைப் பிடித்தாள். பூனை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பறித்து, மறுபடி உட்கார்ந்தது. இந்தத் தடவை எழவில்லை. மண்ணில் நீர் இறங்குகிற மெல்லிய சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

அது மூடிவிட்டு இறங்கிப் போனதும் மாமியார் போய்க் குனிந்து பார்த்தார். ஈரம் நன்றாகப் பரவியிருந்தது. "நல்லாப் போயிருக்குது" என்றார். என் மனைவி சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய வாடை இருந்த கம்பளியில் இன்னொரு முறை போனது. அதைத் தூக்கி எறிந்தோம். ஒரு வாரம் மறுபடி சொட்டுச் சொட்டாகப் போய்ப் பயமுறுத்தியது. டாக்டர் மருந்து கொடுத்தார். ஆனால் பேசனைவிட்டு வேறு இடத்துக்குப் போவது மெல்லக் குறைந்து நின்றேவிட்டது. அள்ளுகிற வேலை மறுபடி எனக்கு வந்தது. மாசி மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பேக்டரி திறக்கவில்லை. நான் வண்டியை விற்றுவிட்டு, மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றுகிற லாரிக்கு டிரைவராகப் போனேன்.

பிள்ளையைப் பார்க்க அன்னூரிலிருந்து சொந்தபந்தம், ஒறம்பரை சனம் ஒரு வேன் நிறைய வந்தது. குளிருக்கு நடுங்கிக்கொண்டு எல்லோரும் வெந்நீர் கேட்டார்கள். மாமியாரின் தங்கை விறகு எடுக்க எழுந்தார்.

"சித்த நில்லு" என்றார் மாமியார். "பூன உள்ள போயிருக்குது."

"பூனையா? அது பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்கு வெறகு எடுக்கறேன்."

"ஆளு போனா அது எந்திரிச்சு வந்துரும். அப்பறம் அடக்கி வெச்சுக்கும். அது வந்தொண்ணப் போலாம். வெந்நி எங்க போகுது?"

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, விறகு அறைக் கதவுக்குக் குறுக்கே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.